உப்பு மூட்டை ஏறிய நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பிலிருந்து காப்பியை இறக்கி வைத்ததும் அமிர்தவள்ளி செய்த முதல் வேலை, புருஷனுடைய நாற்காலியில் பேட்டரி ஒயரைக் கழற்றியதுதான்.

கட்டிலில் படுத்திருந்த கோதண்டராமனுக்கு ஸ்பேனர் சத்தம் கேட்டது.

"இன்னா பண்றே அங்க?"

"ஒயரைக் கழட்டிட்டேன். பெல்ட்டு சரியில்ல."

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு முதலாளி வரச் சொல்லியிருக்காரு. இன்னிக்கு உக்காந்து கழட்டுறியா? மாட்டு மொதல்ல!"

"மாட்ட மாட்டேன்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அமிர்தவள்ளி இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. அவளுக்கே அது தெரிந்தது. ஆனால் சொன்ன பிறகு மனசு கனக்கவில்லை, லேசாகத்தான் இருந்தது.

கோதண்டராமன் ஆம்பூரில் ஆபித் பாஷாவின் தோல் ஷெட்டில் பதினாறு வருஷம் பிட்டராக இருந்தவன். ஷெட்டின் உத்தரத்தடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நீளமான இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகள்தான் கீழே உள்ள தோல் பதனிடும் டிரம்கள் அத்தனையையும் உருட்டும். அந்தத் தண்டுக்கு எண்ணெய் விட ஏறியவன், 1961-ம் வருஷம் ஆடி மாசத்தில் ஒருநாள் தலைகுப்புற விழுந்தான். கழுத்தெலும்பு போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் கிடந்து உயிர் பிழைத்தான். கால் இரண்டும் வரவில்லை. முழங்கை மடங்கும், வலது மணிக்கட்டு கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கும், விரல்கள் மூடாது. கையால் சக்கரத்தைத் தள்ளிப் போகும் நாற்காலி அவனுக்கு உதவவில்லை.

அப்போதுதான் சீமையிலிருந்து யாரோ புண்ணியவான்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கரண்ட் நாற்காலி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. உட்காரும் பலகைக்குக் கீழே கார் பேட்டரி, பின்னால் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன மோட்டார்கள். மோட்டாரிலிருந்து ரப்பர் பெல்ட்டு ஒன்று சக்கரத்தை இழுக்கும். கைப்பிடியில் இருக்கும் குச்சியை முன்னால் சாய்த்தால் போகும், விட்டால் நிற்கும். அந்த மாதிரி ஒன்றை அதுவரை ஆம்பூரில் யாரும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிப் பட்டறையில் இருந்த வேலாயுதம் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். வீட்டில் ஒருத்தர் பதினைந்து நாள் வந்து பராமரிப்பு கற்றுக்கொள்ளாமல் நாற்காலியை வெளியே விடமாட்டார். ஸ்பேனர் பிடிக்கக் கை வேண்டுமே, அதனால் அமிர்தவள்ளி கற்றுக்கொண்டாள். பேட்டரியில் தகடு மூழ்கும் அளவுக்கு காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வரும் காற்று தீப்பிடிக்கும், ஆகவே காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. ஆசிட் பட்ட இடத்தில் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். குனியும் முன் தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது இரண்டு முனையிலும் பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். ஆளை ஏற்றி இறக்கும்போது சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவள் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. நாலு தடவை செய்ததும் கைக்கு வந்துவிட்டது.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ஓடைப் பாலத்து மேட்டில் ஏறும்போது நாற்காலி நாலு விரற்கடை பின்னால் சறுக்கியது. கோதண்டராமன் கவனிக்கவில்லை. அமிர்தவள்ளியின் மூக்கு கவனித்தது. ரப்பர் கருகும் வாசனை. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் இடப்பக்க மோட்டாரின் அடியில் கருப்பாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. பெல்ட்டை விரலால் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் வரிவரியாக வெடித்திருந்தது.

"கொஞ்சம் குங்கிலியம் பொடி பண்ணித் தேய்ச்சு வுடு, புடிச்சுக்கும்" என்றான் இப்போது கட்டிலிலிருந்து கோதண்டராமன். "பதினாறு வருஷமா பெல்ட்டைப் பாத்தவன் நானு."

"இதை நீங்க பாக்கலியே."

"பாக்காட்டி இன்னா? எனக்குத் தெரியாதா?"

அவள் சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து, அவன் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். இன்னொரு கையால் பெல்ட்டை மடக்கிக் காட்டினாள். வெடிப்பு வாயைத் திறந்தது.

கோதண்டராமன் நெடுநேரம் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சீமையிலேர்ந்து வேற பெல்ட்டு வர மூணு மாசம் ஆவும். அதுக்குள்ள முதலாளி வேற ஆளைப் போட்டுருவாரு. தண்டை எடுத்துட்டு டிரம்முக்கு ஒரு மோட்டார் வைக்கப் போறாரு. அதைத் தெரிஞ்சவன் இந்த ஊருல எத்தினி பேரு இருக்கான்? ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு தரம் கூப்புட்டிருக்காரு அமிர்தா. நீ என் காலைக் கழட்டி வச்சுட்டே."

அவன் குரல் உடைந்தது. ஆனாலும் அவள் குரல் மாறவில்லை.

"ஷெட்டுல தோல் வண்டி ஏர்ற சரிவு இருக்குது. அதுல ஏறச்சொல்ல இது அறுந்தா, பின்னால சாஞ்சு வுழுவீங்க. ஏற்கெனவே ஒடைஞ்ச கழுத்து. நாளைக்கு நாம போறோம். ஆனா இந்தப் பெல்ட்டோட போகல."

பெல்ட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு சத்தார் வீட்டுக்குப் போனாள். சத்தார், கோதண்டராமனோடு வேலை செய்தவன். ஷெட்டுப் பெல்ட்டுகளை வெட்டி ஒட்டுவது அவன் தொழில். பெல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இம்மாம் சின்னப் பெல்ட்டா? நம்ம தோல்லயே பண்ணலாம் தங்கச்சி. ஆனா எந்த எடத்துத் தோலு, எவ்ளோ கனம், அது உன் வூட்டுக்காரனைத்தான் கேக்கணும். அந்தக் கணக்கு அவன் மண்டையிலதான் இருக்குது."

இருவருமாக வீட்டுக்கு வந்தார்கள். கோதண்டராமன் இன்னும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். சத்தார் வேண்டுமென்றே, "வயித்துத் தோல்ல ஒரு பட்டை கிழிச்சுர்றேன், போதும்ல?" என்றான்.

"வயித்துத் தோலா?" என்று சீறினான் கோதண்டராமன். "அது ரெண்டு நாள்ல நீண்டு தொங்கிரும்டா! முதுகுத் தண்டை ஒட்டி வெட்டு. மயிர்ப் பக்கம் சக்கரத்தைத் தொடணும். ஒட்டுற எடத்தை ரெண்டு அங்குலம் சீவி, ஒட்டினதும் மேல தையல் போடு. போடறதுக்கு முந்தி மோட்டு வளையில கட்டி, கீழ எடைக்கல்லைத் தொங்க வுடு. சாயந்திரம் வரைக்கும் தொங்கட்டும்."

"இடதுக்கு மட்டுந்தான?" என்றான் சத்தார்.

"ரெண்டும்" என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சத்தார் சிரித்துவிட்டான். கோதண்டராமனும் சிரித்தான், அன்றைக்கு முதல் தடவையாக.

புதன்கிழமை காலை ஷெட்டு வாசலில் ஆபித் பாஷா நின்றுகொண்டிருந்தார். ஜட்கா வண்டி ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் சத்தார் குச்சியைப் பிடித்தபடி காலி நாற்காலியை ஓட்டிக்கொண்டு வந்தான். கோதண்டராமன் வண்டியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அமிர்தவள்ளி இறங்கி முதலாளிக்குக் கும்பிடு போட்டாள்.

"முதலாளி, அறுபத்தஞ்சு கிலோ உப்பு வேணும். நிறுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

"உப்பா? எதுக்கும்மா?"

"அவரு அறுபது கிலோ. அஞ்சு கிலோ ஜாஸ்தியா வச்சுப் பாத்துட்டு அப்புறம் அவரை ஏத்துவேன்."

ஆபித் பாஷா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பச்சைத் தோலைப் பதப்படுத்த அங்கே உப்புக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூட்டை வந்தது. அமிர்தவள்ளி அவற்றை நாற்காலியில் அடுக்கி, இடுப்புப் பட்டையால் இறுக்கிக் கட்டினாள். ஷெட்டிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"இன்னா கோதண்டம்," என்றார் ஆபித் பாஷா வண்டியைப் பார்த்து, "ஆளை வேலைக்குக் கூப்புட்டேன், உப்பு மூட்டை வந்து நிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. "சரிவுக்குக் கீழ யாரும் நிக்காதீங்க. தள்ளிப் போங்க" என்றாள். எல்லோரும் தள்ளிப் போனார்கள்.

அவள் வேகத்தைக் குறைத்து வைத்து, பக்கத்திலேயே நடந்தபடி குச்சியைச் சாய்த்தாள். மோட்டார் முனகியது. உப்பு மூட்டை சரிவில் மெதுவாக ஏறியது. பாதி தூரத்தில் குச்சியை விட்டாள். நாற்காலி நின்றது. நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் பின்னால் நழுவியது. கூட்டத்தில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். அதற்குள் அவள் கைப் பிரேக்கை இழுத்து, மடியில் வைத்திருந்த மரக்கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் சொருகிவிட்டாள்.

"புதுத் தோலு, இழுவைல நீண்டுருச்சு!" வண்டியிலிருந்து கோதண்டராமன் குரல் கொடுத்தான். "மோட்டார் போல்ட்டைத் தள்ளி வை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு!"

நாற்காலியைக் கீழே இறக்கி, மூட்டைகளை எடுத்து வைத்து, ஒயரைக் கழற்றி, போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரை ஒரு நூல் அளவு பின்னால் தள்ளி முடுக்கினாள். கட்டை விரலால் பெல்ட்டை அழுத்தினாள். அரை விரல் அளவுதான் உள்ளே போனது. அடுத்த பக்கமும் அதேதான்.

இரண்டாம் தடவை ஏற்றி நிறுத்தினாள். நாற்காலி அசையவில்லை. மூன்றாம் தடவையும் அசையவில்லை.

"போதும்மா, நம்பிட்டேன்" என்றார் ஆபித் பாஷா.

"இன்னும் ரெண்டு தரம், முதலாளி."

ஐந்து தடவையும் ஆன பிறகுதான் சுவிட்சை அணைத்துவிட்டு, சத்தாரும் அவளுமாகக் கோதண்டராமனைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பட்டையை மாட்டிய பிறகும் அவள் அதை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாள். உப்பு மூட்டைக்கு ஒரு தடவைதான் இழுத்தாள். கோதண்டராமன் அதைப் பார்த்துவிட்டான்.

"அஞ்சு தரம் பாத்தியே, இன்னும் இன்னா?" என்றான் தணிந்த குரலில்.

"ஒண்ணுமில்ல. ஏறுங்க."

அவன் மணிக்கட்டால் குச்சியைச் சாய்த்தான். சரிவின் பாதியில் தானாகவே நிறுத்தினான். நாற்காலி கல்லாக நின்றது. அங்கேயிருந்தபடி ஷெட்டுக்குள் தலையை நீட்டி, "மூணாவது டிரம்மு சத்தம் சரியில்லியே, யாருடா எண்ணெய் வுடறது?" என்று அதட்டினான். உள்ளேயிருந்து ஒருவன் எண்ணெய்க் குவளையோடு ஓடினான்.

ஷெட்டை முழுக்கச் சுற்றிக் காட்டினார் ஆபித் பாஷா. மோட்டார்கள் எங்கே உட்காரும், ஒயர் எந்த வழியாக வரும் என்று கோதண்டராமன் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். சுண்ணாம்புத் தொட்டிகள் இருக்கும் பக்கம் வந்ததும் நாற்காலி நின்றது. இரண்டு தொட்டிகளுக்கு நடுவே குறுகலான வரப்பு, மேலே சளசளவென்று ஈரம்.

"வா கோதண்டம், நாலடிதான?" என்றார் முதலாளி.

"இதுல வரமாட்டேன் முதலாளி. ரெண்டு பக்கமும் பலகை அடிங்க, தரையில கயித்துப் பாய் போடுங்க. அப்புறம் தெனம் வர்றேன்."

அவன் இப்படித் தயங்காமல் சொன்னதைக் கேட்டு அமிர்தவள்ளிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. வெடித்த பெல்ட்டோடு கிளம்பத் துணிந்த பழைய ஆளாக இருந்திருந்தால் போய்ப் பார்த்திருப்பான்.

ஆபித் பாஷா தாடியை நீவிக்கொண்டார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து வா. மேஸ்திரி வேலை. ஆனா உன் கையால ஒரு போல்ட்டு கூடப் புடிக்க முடியாதே, அதுக்கு இன்னா பண்றது?"

கோதண்டராமன் மனைவியைப் பார்த்தான்.

"நான் புடிக்கறேன் முதலாளி" என்றாள் அமிர்தவள்ளி. "எனக்கும் கூலி போட்டுருங்க. அப்புறம் நாற்காலிக்குச் சார்ஜ் போட ஒரு எடம் வேணும். தோல் மருந்துக் கிடங்குப் பக்கம் வேணாம். மூடின ரூமு வேணாம். கிணத்துப் பக்கம் கூரை போட்ட எடம் இருக்குதே, அது குடுங்க. அங்க யாரும் பீடி பத்த வைக்கக் கூடாது."

"வேலைக்கு வர்றதுக்கு முந்தியே சட்டம் போடறியேம்மா!" என்று சிரித்தார் ஆபித் பாஷா. ஆனால் கிணற்றுப் பக்கத்துக் கூரையில் இருந்த சாமான்களை அப்போதே காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

ஒன்றாம் தேதி இருவரும் வேலைக்குச் சேர்ந்தார்கள். தொட்டி வரப்பில் பலகை அடித்திருந்தது. முதல் டிரம்முக்கு மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோதண்டராமன் கிளம்பியதைப் பார்த்து, பழைய ஆள் ஒருவர் மரியாதையாக ஓடி வந்து நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளப் போனார்.

அமிர்தவள்ளி குறுக்கே கையை நீட்டினாள்.

"தள்ளாதீங்க பெரியவரே. மோட்டாரு பூட்டியிருக்குது, தள்ளினா பெல்ட்டு கெட்டுடும். வழிய மட்டும் வுடுங்க. அவரே போவாரு."

பெரியவர் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். கோதண்டராமன் குச்சியைச் சாய்த்து, டிரம்களுக்கு நடுவே புது மோட்டாரை நோக்கிப் போனான். அமிர்தவள்ளி ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.