மூக்கில் வைக்க மறந்த எடை

பதினான்கு மாதம் உழைத்துக் கட்டிய விமானத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முதன்முறையாகச் சக்கரங்களில் இறக்கி வைத்தார்கள். அது நிற்கவில்லை. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக, வாலை மேசையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டது.

மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். கட்டியவர் அவளுடைய கணவர். குடிநீர் அலுவலகத்தில் குழாய்களின் வரைபடம் வரைகிறவர். பக்கத்தில் அவருடைய நண்பர், கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஒல்லி உடம்பும் பெரிய தலையுமாக இருந்ததால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் குண்டூசி. மூன்றாவதாக அவள், தேநீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"என்னப்பா இது, சோறு போடுன்னு நாய் உக்காந்த மாதிரி உக்காந்துடுச்சு?" என்றார் குண்டூசி. "மூக்குல எடை வெக்கலையா?"

கணவர் வாலை ஒரு விரலால் தூக்கினார். மூக்குச் சக்கரம் மேசையைத் தொட்டது. விரலை எடுத்தார். மறுபடி உட்கார்ந்தது.

குண்டூசிதான் அவளுக்கு விளக்கினார். இந்தக் குண்டுவீச்சு விமானத்துக்கு மூக்கின் அடியிலும் ஒரு சக்கரம் உண்டு. அசல் விமானத்தில் முன்பக்கம் இரும்பும் துப்பாக்கியும் ஆட்களுமாகக் கனம் இருந்தது. பிளாஸ்டிக்கில் என்ன இருக்கிறது, காற்றுதான். அதனால் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்னால் மூக்குக்குள் ஈயத்தை ஒளித்து வைத்துவிட வேண்டும். ஒட்டியபிறகு வழியில்லை. புதிதாகக் கட்டுகிறவன் ஒவ்வொருவனும் ஒருமுறை இந்தத் தப்பைச் செய்வான். "ஆனா இவன் செஞ்சு நான் பாத்ததில்லைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நண்பரின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். வாலுக்கு அடியில் மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டால் போதும், அடுத்த மாதக் கண்காட்சியில் யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை என்றார். வழக்கமாக இரண்டு மணி நேரம் உட்காருகிறவர், சூடு ஆறாத தேநீரை இரண்டே மடக்கில் முடித்துவிட்டுக் கிளம்பினார்.

கணவர் தூரிகைகளை அலசப் பின்கட்டுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு விமானத்தைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அவரைப் பற்றித் தெரியும். அவர் மறக்கிற ஆள் இல்லை. அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு இந்த விமானம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டடிக்குச் சற்று மேல். அதற்குள் இருக்கும் இருக்கைகளுக்குத் தகடு வெட்டி வார் கட்டியிருந்தார். கொக்கி அரிசியில் பாதிகூட வராது. ரேடியோ பெட்டியின் குமிழ்களுக்கு ஒவ்வொன்றாக வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார். மூடியபின் யார் கண்ணுக்கும் படாத இடம். எதற்கு இவ்வளவு என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "எனக்குத் தெரியும்ல" என்று மட்டும் சொன்னார். திருமணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள் தொலைபேசியில் கூப்பிட்டால், "சித்தி எப்படி இருக்காங்க? இறக்கை முளைச்சுதா?" என்றுதான் முதலில் கேட்பாள். அப்பா தனக்கு இன்னொரு அம்மாவைச் சாப்பாட்டு மேசையிலேயே குடிவைத்துவிட்டார் என்பது அவளுடைய நிரந்தரக் கேலி.

விளக்கக் கையேடு மேசை ஓரத்தில் கிடந்தது. அவள் சும்மாதான் புரட்டினாள். ஒவ்வொரு படத்துக்கு அருகிலும் பென்சிலால் ஒரு சின்ன டிக். முப்பத்தொன்பது, டிக். நாற்பது, டிக். நாற்பத்தொன்றில் மூக்குக்குள் ஓர் எடைக் கல்லின் படம். பக்கத்தில் எதுவும் இல்லை. நாற்பத்திரண்டில் இரண்டு பாதிகளும் சேர்கின்றன. டிக், அதன் கீழே தேதி. உடலை மூடும் நாளை மட்டும் அவர் குறித்து வைப்பது வழக்கம்.

அந்தத் தேதி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் செயற்கைப் பல் செய்கிறவள். இருபத்தாறு வருடமாக ஒரே லேபில் வேலை; முடியாததை வீட்டுக்கும் கொண்டுவந்து பின்னறையில் தன் மேசையில் முடிப்பாள். பழக்கமான பல் மருத்துவர் ஒருவர் சொல்லி, தூரத்து ஊரில் புதிதாகத் திறந்த கல்லூரியில் மாணவர்களுக்குச் செய்முறை கற்றுக்கொடுக்க அழைத்திருந்தார்கள். பத்து மாதம். தங்க அறை தருவார்கள். அழைப்பு வந்து நான்கு நாள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். போகவும் ஆசை, போகாமல் இருக்கவும் ஒரு காரணம் கிடைத்தால் நல்லது. ஐந்தாம் நாள் மாலை, மேசையில் குனிந்திருந்த அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"ம்" என்றார். திரும்பவில்லை.

அந்த ஒரு "ம்"தான் முடிவு செய்தது. மறுநாள் காலையிலேயே கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பினாள். அதன்பிறகு ஐந்து மாதமாக அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அவளுடைய பெட்டியின் இறுகிப்போன சக்கரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டார். ரயில் நேரம் பார்த்துச் சொன்னார். இவ்வளவு லேசாக அனுப்பிவிட முடிகிறதா என்று அவளுக்குள் அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். தன் இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் சாமான் போதும் போலிருக்கிறது என்று மகளிடம் சொல்லிச் சிரித்தபோது, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இப்போது அவள் அலமாரியைப் பார்த்தாள். பசைப் புட்டிகளுக்குப் பின்னால் ஒரு சிறிய தகர டப்பா. மேலே வரைபடக்காரரின் அச்சு போன்ற எழுத்தில் "மூக்கு" என்று ஒட்டியிருந்தது. ஐந்து மாதமாக அதைத் தூக்கித் தூசி தட்டி அதே இடத்தில் வைத்தவள் அவள்தான். ஏதோ சாயம் என்று நினைத்திருந்தாள். திறந்தாள். கடுகைவிடச் சற்றே பெரிய ஈயக் குண்டுகள் டப்பா நிறைய. எடை பார்த்து, தயாராக எடுத்து வைத்து, பிறகு போடாமல் விட்டவை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். திறந்த டப்பாவையும் கையேட்டையும் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"விழுந்துச்சு."

"ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

"நீ எதையோ சொல்ல வந்து கதவுகிட்ட நின்னது தெரிஞ்சுது, அந்த நெனப்புல எடையை மறந்து பசை விட்டுட்டேன். ரெண்டு பக்கத்தையும் ரெண்டு கையால அழுத்திப் புடிச்சிருந்தேன். விட்டா வாயைப் பொளந்துக்கும்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நீயும் அதைப் பாத்துட்டுதானே சொன்ன."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே அது நேராக உள்ளே போனது. ஆமாம், பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். கதவருகே கடிதத்தோடு நின்றிருந்தாள். அவர் பசைத் தூரிகையை விளிம்பு நெடுக ஓட்டியதையும், பாதிகளைச் சேர்த்ததையும், விரல்கள் வெளுக்க அழுத்தியதையும் பார்த்தாள். அதுவரை காத்திருந்தாள். கையை எடுக்க முடியாதவரால் எழுந்து வர முடியாது. திரும்பிப் பார்க்க முடியாது. அவர் முகத்தைப் பார்த்திருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது, அல்லது சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொண்டிருப்பாள். முதுகிடம் சொல்லிவிட்டு, முதுகுக்குக் கண்ணில்லையே என்று ஐந்து மாதம் மனத்தாங்கலோடு இருந்திருக்கிறாள்.

ஆனாலும் விட மனமில்லை. "அப்புறம் கை சும்மாதானே இருந்துச்சு?"

"அப்புறம் நீ கையெழுத்துப் போட்டுட்டியே."

இருவரும் விமானத்தைப் பார்த்தார்கள். அவர் முன்பு எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. இந்த விமானத்தின் நடுவில் முழுக்கக் குண்டு அடுக்கும் அறை. முன்னால் இருக்கிறவர்களும் பின்னால் இருக்கிறவர்களும் பறக்கும்போது ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கம்பியில் வரும் குரல் மட்டும்தான். கம்பி அறுந்துவிட்டால், திரும்பி வந்து தரையில் இறங்குகிற வரைக்கும் மற்றவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாதாம். அன்று அதைக் காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருந்தாள்.

"குச்சியே வெச்சிடறேன்" என்றார் அவர். "இனிமே ஒடைக்க முடியாது."

"ஒடைக்க வேணாம். மூக்குச் சக்கரத்துக்குப் பின்னாடி அந்தக் குழி இருக்கே, அதுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

அவர் யோசித்தார். "ஓட்டுறவன் இருக்கைக்கு அடியில. வெறும் இடம்."

அவள் பின்னறைக்குப் போய்த் தன் கைத்துளைப்பானை எடுத்து வந்தாள். கல்யாணமான முப்பது வருடத்தில் அவளுடைய சாமான் அவருடைய மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவர் மடியில் துண்டை விரித்து விமானத்தை மல்லாத்திப் பிடித்துக்கொண்டார். அவள் விளக்கை இழுத்துக் குனிந்தாள். துளைப்பான் வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகி இழுத்துக்கொள்ளும். அது அவளுக்கு அத்துப்படி. மெதுவாக, தொட்டுத் தொட்டு எடுத்தாள்.

முனை முதலில் பட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மரத்துப்போற ஊசி போட்டியா?"

"பேஷன்ட் ஆடாம இருக்கச் சொல்லுங்க."

சக்கரக் குழியின் பின்சுவரில் மிளகளவு ஓட்டை விழுந்தது. அதன் வழியாக இடுக்கியால் ஒவ்வொரு குண்டாக உள்ளே தள்ளினாள். அவை உள்ளே உருண்டு, யாரும் காணாத அந்த இருக்கைக்கு அடியில் போய்ச் சேரும் சத்தம் கேட்டது. பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லாததால் அவர் அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். முக்கால் டப்பா தீர்ந்ததும் கெட்டியான பசையை விட்டு அவை உருளாமல் நிறுத்தினாள். ஓட்டையை அடைக்கப் பல்செட்டுக்கு ஈறு செய்யும் கலவையைக் குழைத்தாள். திரவம் மிஞ்சினால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்பதால் மாவுப் பதத்துக்குப் பிசைந்து வைத்து அழுத்தினாள். போர்க்கால விமானத்தின் பச்சைக் குழிக்குள் வெளிர் சிவப்பாக ஒரு துளி ஈறு.

இறுகும்வரை காத்திருந்தார்கள். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்து, அது கிளம்பாததால் திட்டினார்கள்.

"மேல பச்சை அடிச்சுடுங்க" என்றாள். "அசிங்கமா தெரியுது."

அவர் விமானத்தைச் சாய்த்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். "வேணாம். இருக்கட்டும்."

"யாராவது பாத்தா?"

"பாத்தா பாக்கட்டும். எனக்குத் தெரியும்ல."

திருப்பி மேசையில் இறக்கினார். வாலில் ஒரு விரல் வைத்திருந்தார். பிறகு விரலை எடுத்தார். விமானம் யோசிப்பதுபோல் ஒரு நொடி இருந்து, மூக்குச் சக்கரத்தை மேசையில் சின்னச் சத்தத்தோடு ஊன்றியது. நின்றது.

அவர் உடனே துணியை எடுத்து இறக்கையில் படிந்த விரல் ரேகையைத் துடைக்கப் போனார். அவள் அந்தத் துணியை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். விமானத்தையும் இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தாள். மேசை காலியானது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கையில ஒண்ணும் எடுக்காதீங்க. நான் மறுபடி சொல்றேன்."

அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதலில் மடியில் வைத்தார், பிறகு மேசைமேல் எடுத்து வைத்தார். நகக்கண்ணில் பச்சைச் சாயம் இருந்தது. முகம் அவளுக்கு நேரே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் கதவருகே நின்று சொன்னதைவிட இது எவ்வளவோ கடினமாக இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், இப்போதுகூடத் தான் பெட்டியைப் பிரித்துவிடக் கூடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு ஒரு வேலை வந்திருக்கு. வெளியூர்ல. பத்து மாசம். எனக்குப் போகணும்னு இருக்கு."

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. அலமாரியையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார்.

"எனக்குப் பிடிக்கல" என்றார். மேலும் சொல்ல ஏதோ தேடினார். கிடைத்ததும் மேசைமேல் இருந்த கையைத் திருப்பி உள்ளங்கை மேலாக வைத்தார்.

"போயிட்டு வா."