குடங்கள் வரிசையில் நின்ற வீடு

ஜூடி பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து காசிமேட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, தெருவிலிருந்த தண்ணீர்க் குடங்கள் எல்லாம் தாமாகவே நகர்ந்து வந்து அவள் வாசலில் வரிசை கட்டி நின்றன. லாரித் தண்ணீருக்கு நின்று நின்று பழகிய குடங்களாகையால் ஒன்றையொன்று முந்தவில்லை, இடிக்கவுமில்லை. குடம் நடந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. தூக்க முடியவில்லையே என்பதுதான் பேச்செல்லாம். வலை இழுத்து உரமேறிய ஆண்கள் நாலு பேர் சேர்ந்து அசைத்தும் ஒரு குடம் நகரவில்லை. மொண்டு பார்த்தால் சொம்பு காலியாகவே வந்தது. உலை வைக்கத் தண்ணீரில்லாமல் தெரு முழுக்க விழித்துக்கொண்டு நின்றது.

உள்ளே ஜூடி நாக்கு வறண்டு கிடந்தாள். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும், தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அங்கே வழிவழியாக வந்த கட்டுப்பாடு. மாமியார் சிலுவையம்மாள் ஒன்றும் பொல்லாதவள் அல்ல. மருமகளுக்குப் பால் ஊறட்டும் என்று விடியலிலேயே போய்ப் பால்சுறா வாங்கி வந்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து ஊட்டியவள். பிள்ளை பெற்ற நாளிலிருந்தே மாத்திரை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். பங்குனி வெயிலில் கூரைத் தகரம் கொதித்தது. ஜூடியின் புருஷன் நோயல் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தான்.

சுகாதார நர்ஸ் ரெஜினாவுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் மேல் தீராத ஆத்திரம். திருவொற்றியூரில் அவளுடைய அக்கா இதே மாதிரி தண்ணீரில்லாமல் கிடந்துதான், மூளையில் ரத்தம் உறைந்து, குழந்தைக்குப் பெயர் வைப்பதற்குள் செத்துப்போனாள். அதிலிருந்து ரெஜினா வீடு வீடாக ஏறி இறங்கினாள், பூசை முடியும் நேரம் கோயில் வாசலில் நின்று பேசினாள். பெண்கள் “சரி நர்ஸம்மா, சரி நர்ஸம்மா” என்பார்கள். அவள் தெருமுனை திரும்பியதும் சொம்பை எடுத்து ஒளித்துவிடுவார்கள். சண்டைக்கு வந்தாலாவது பதில் சொல்லலாம், தலையாட்டுகிறவர்களை என்னதான் செய்வது!

அன்று குடங்களுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து உள்ளே போனாள். தலை விண்ணென்று தெறிக்கிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்றாள் ஜூடி. அக்காவுக்கும் தலைவலியில்தான் ஆரம்பித்தது. ரெஜினா ஆட்டோவுக்கு ஆளனுப்பிவிட்டு, தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து நீட்டினாள். ஜூடி வாயை மூடிக்கொண்டாள். “வாணாங்க்கா. கொயந்தைக்கு ஆவாது.”

ரெஜினா மாமியார் பக்கம் திரும்பினாள். “யம்மா, கர்த்தர் மேல ஆணையா சொல்லு. நோயல பெத்தப்போ நீ தண்ணியே குடிக்கலியா?”

சிலுவையம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “நெத்தில ஈரத்துணி போட்டுனு கெடந்தேன். அத்த சப்பிக் குடிச்சேன். என் மாமியாருக்குத் தெரியாது. எங்கம்மாதான் காதோட சொல்லிக் குடுத்துச்சி.”

வாசலில் நின்ற மளிகைக்கடை இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். “நானு வாய் கொப்பளிக்கச் சொல்லோ முழுங்கிட்டேன்.” இன்னொருத்தி கஞ்சித் தண்ணியைச் சொன்னாள், ஒருத்தி பிள்ளைக்கு வைத்த வெந்நீரைச் சொன்னாள். ஒருத்தி விடாமல் அத்தனை பேரும் திருட்டுத்தனமாகக் குடித்தவர்கள். அவரவர் தாய் காதில் சொல்லியிருக்கிறாள். கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்த ஜூடிக்குச் சொல்லத் தாய் இல்லை. சொன்னபடி கேட்டவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான்.

சிலுவையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “பாவி, உனக்கு நான் சொல்லிருக்கணுமே!” எழுந்து போய் முதல் குடத்தை இடுப்பில் எடுத்தாள். வந்தது. டம்ளரில் ஊற்றித் தன் கையாலேயே புகட்டினாள். ஜூடி மடக்மடக்கென்று குடித்தாள். பின்னால் நின்ற குடங்கள் ஒவ்வொன்றாக இளகிக் கொடுத்தன. ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்துமாகச் சில நாள் போராடிப் பிழைத்து வந்தாள்.

இப்போதும் அந்தத் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குடங்கள் போய் நிற்கின்றன. மாமியார்களே ஓடிவந்து முதல் குடத்தை எடுத்துவிடுவதால் வெகுநேரம் நிற்பதில்லை. தண்ணீர் லாரிக்காரர் தங்கப்பாண்டிக்கும் பழகிவிட்டது. தெருவுக்குள் வந்து ஹாரன் அடித்து, ஒரு குடத்தையும் காணோமென்றால், எட்டிப் பார்த்து, “பெத்தவ குடிச்சிட்டாளா?” என்று கேட்டுவிட்டு, இன்ஜினை அணைத்துக் காத்திருக்கிறார்.