நிறுத்த வேண்டும்

முதலாண்டு மாணவர்கள் கண் முன்னால் ஓர் இயற்பியல் பேராசிரியை குப்புற விழுவது அத்தனை நல்ல காட்சியல்ல. வகுப்பறை வாசலில் யாரோ ஒரு புண்ணியவான் தன் மின் ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டுவிட்டுப் போயிருந்தான். நின்றபடியே ஓட்டுவார்களே, ஒரு பலகையும் இரண்டு குட்டிச் சக்கரங்களும் ஒரு கைப்பிடியுமாக, அந்த வகை. கால் தடுக்கியதில் விடைத்தாள்கள் பறந்தன. மூக்குக்கண்ணாடி முன்வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கடைசி பெஞ்சில் ஒருவன் "புவியீர்ப்பு" என்று முணுமுணுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

நேராகப் பதிவாளர் அறைக்குப் போய்க் கத்தினேன். யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்கள் தலையிலேயே வேலையைக் கட்டுவது எங்கள் பதிவாளரின் சாமர்த்தியம். "ஸ்கூட்டர் விதிமுறைக் குழுவுக்கு இனிமே நீங்கதான் தலைவர் மேடம். என்ன எழுதிக் குடுத்தாலும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: "பல்கலைக்கழக வளாகத்தில் மின் ஸ்கூட்டர்களை உடனடியாக நிறுத்த வேண்டும். மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்." இந்த ஸ்கூட்டர் கூத்தையே அடியோடு ஒழித்துக்கட்டுவதுதான் என் எண்ணம். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் எல்லாக் கட்டடங்களிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், சுவரோரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த தம்பியின் ஸ்கூட்டர் கண்ணில் பட்டது.

தம்பிக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் வேலை. ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். ஒரு கட்டடம் விட்டு இன்னொரு கட்டடம் என்று நாள் முழுக்க அலைகிற உத்தியோகம். முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவனால் நிற்க முடிகிறது, தூரம் நடக்கத்தான் முடியவில்லை. ஸ்கூட்டர் இருப்பதால் தப்பித்தான். அதுவும் இல்லையென்றால் கிடங்கில் உட்கார்த்தி வைத்துவிடுவேன் என்று அவன் மேலதிகாரி சொல்லியிருந்தார். "அதுக்கு என்னையும் ஒரு பெட்டியில போட்டு, நம்பர் ஒட்டி, அலமாரியில வெச்சிடுங்க சார்" என்று இவன் அவரிடமே சொன்னானாம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், எழுதும்போது இவனைச் சுத்தமாக மறந்துபோனேன். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டேன். "என்னக்கா இவ்வளவு அமைதியா இருக்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு அவன் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தான்.

மறுநாள் நான் எழுந்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான். ஸ்கூட்டர்காரர்களோடு சண்டைக்குத் தயாராகத்தான் நானும் போனேன். போய்ப் பார்த்தால், வளாகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஸ்கூட்டர். படிக்கட்டுக்கு அடியில், நூலக மேசையை ஒட்டி, அரங்கத்து மேடையில்கூட வரிசையாக. சீக்கிரமே வந்துவிட்ட பதிவாளர், வெளியே குவிந்த ஸ்கூட்டர்களால் கதவைத் திறக்க முடியாமல், ஜன்னல் வழியாக உதவியாளரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதுகாப்பு அதிகாரி வேர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடி வந்தார்.

"மேடம், முடிஞ்ச வரைக்கும் நிறுத்தியாச்சு. வெளியில ரோட்டோரமா நின்னதைக்கூட உள்ள கொண்டுவரச் சொல்லிட்டேன். வளாகத்துலதான் நிறுத்தணும்னு போட்டிருக்கே!"

வாசற்காவலர் புரிந்துகொண்டது வேறு. ஓடி வருகிற ஸ்கூட்டரையெல்லாம் கை காட்டி நிறுத்தினார். நிறுத்தியதும் போகச் சொல்லிவிட்டார். "நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்தினேன். எவ்வளவு நேரம்னு போடலையே மேடம்" என்றார். வேதியியல் மாணவி ஒருத்தி கண் கலங்க வந்து நின்றாள். "மேடம், எங்கிட்ட ஸ்கூட்டரே இல்ல. நான் எதை நிறுத்தறது? என் மேலயும் நடவடிக்கை எடுப்பீங்களா?"

இந்த ஒரு சொல்லிடம் நாம் எத்தனை வேலைதான் வாங்குகிறோம்! ஓடுவதை நிறுத்தலாம், ஓரமாக நிறுத்தலாம், ஒரேயடியாகவும் நிறுத்தலாம். நான் நினைத்தது கடைசி. ஊரே படித்தது நடுவில் இருப்பது.

"தடை" என்ற சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது. தம்பி விஷயத்துக்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். ஆசிரியர் அறையில் புது நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி ஸ்கூட்டரோடு அறைக்குள்ளேயே வந்து இறங்கினான். பின்னால் ஆய்வக ஆட்கள் ஒரு கூட்டம்.

"இதோ, எங்க அக்கா! யார்கிட்டயும் மூச்சு விடாம செஞ்சு முடிச்சிருக்காங்க பாருங்க. இனிமே எல்லாரும் உள்ளேயே நிறுத்திக்கலாம். கிடங்குக்கு அனுப்பறேன்னாரே எங்க சார், அவரே நோட்டீஸைப் படிச்சுட்டு கப்சிப்புன்னு ஆயிட்டார்!"

எல்லோரும் கைதட்டினார்கள். என்னைக் கண்டாலே வழி மாற்றிப் போகிற கணிதத் துறைக்காரர்கூட எழுந்து வந்து கைகொடுத்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி காலையிலிருந்து போகிற இடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். கேன்டீன்காரர் என் டீயில் கூடுதலாகச் சர்க்கரை போட்டு அனுப்பியிருந்தார்.

ஒருவழியாக விடுதலையான பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க தடை போடத்தானே வந்தீங்க? இதென்ன கூத்து? ஒரு வார்த்தை மாத்திக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பேனா கையில்தான் இருந்தது. தம்பியைக் கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. விழுந்ததில் சிராய்த்த முழங்கை இன்னும் எரிந்தது, எரிந்தால் எரியட்டும்.

"எழுதினது எழுதினதுதான் சார். நிறுத்தணும்னுதான் எழுதினேன். எங்க நிறுத்தணும்னு சொல்லாம விட்டுட்டேன், அவ்வளவுதான். அதை இப்ப எழுதறேன்."

மத்தியானம் குழு கூடியது, அதாவது நானும் பாதுகாப்பு அதிகாரியும். கட்டடங்களுக்குப் பின்னால் கோடு போட்ட இடத்தில் மட்டுமே ஸ்கூட்டர் நிற்கலாம். வாசலில், தாழ்வாரத்தில், சாய்தளத்தில் கூடாது. ஒரு ஸ்கூட்டரில் ஒருவர்தான்; காதலர்களுக்கும் சலுகை இல்லை. நடைபாதை வந்ததும் இறங்கி "வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவும்" என்று எழுதினேன். அதிகாரி தலையைச் சொறிந்தார்.

"மேடம், அப்புறம் நெஜமாவே தள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க. போன மாசம்தான் ரெண்டு சைக்கிள் காணாம போச்சு."

"உருட்டிச் செல்லவும்" என்று மாற்றினேன். தமிழிடம் ஒரு நாளைக்கு ஒரு அடி வாங்கினால் போதும்.

சாயங்காலம் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், புதுக் கோட்டுக்குள்ளிருந்து தம்பி ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. இனியும் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

"டேய், அந்த முதல் நோட்டீஸ்ல நான் நிறுத்தணும்னு எழுதினது..."

"தடைதான். தெரியும்" என்றான். "நீ விழுந்தது நேத்தே எனக்குத் தெரியும்க்கா. விழுந்த அன்னிக்கே, எல்லாரும் உள்ள நிறுத்திக்கங்கன்னு எழுத நீ என்ன மகானா?"

"தெரிஞ்சுமா எனக்கு நன்றி சொல்லிக்கிட்டு சுத்தினே?"

"பின்னே? பாதுகாப்பு அதிகாரிக்கே முதல்ல சந்தேகம்தான். நான்தான் காலையிலேயே போய், நிறுத்தறதுன்னா பார்க்கிங்னு படிச்சுக் காட்டினேன். இத்தனை பேர் முன்னாடி நன்றி சொல்லிட்டா அப்புறம் நீயும் மாத்த மாட்டேன்னு தெரியும்."

சுருக்கென்றது. கோபம் வந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கூடப் பொறந்தவ நான். மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

அவன் ஸ்கூட்டரைக் கோட்டுக்கு வெளியே உருட்டி நிறுத்தினான். "சொல்லியிருக்க மாட்டே. எல்லாருக்கும் தடை, நொண்டிக்கு மட்டும் விலக்குன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருப்பே. அதைச் சட்டையில குத்திக்கிட்டு நான் சுத்தணுமாக்கும்."

இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். முந்தின ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது நான் மனசுக்குள் எழுதி முடித்திருந்தது சரியாக அந்தச் சீட்டைத்தான், நொண்டி என்பதற்கு மட்டும் கொஞ்சம் மரியாதையான வார்த்தை போட்டு.