ஜோடி மிஷின்

கடையில் அவருக்கு வைத்தியர் என்று பேர். வைத்தவள் பில் போடும் பெண். வீடியோ கேம் கேட்டு வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, நாடி பிடிக்காத குறையாக அவர் விசாரிப்பதைப் பார்த்துவிட்டு, "அடுத்த பேஷண்ட்ட அனுப்பட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள். அது ஒட்டிக்கொண்டது. முதலாளியும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்.

என்ன மாதிரி கேம் பிடிக்கும் என்று வைத்தியர் யாரையும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு ஒருவரும் உண்மையைச் சொல்வதில்லை என்பது அவர் கட்சி. டி.வி. எந்த அறையில் இருக்கிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள், தோற்றால் கோபம் வருமா அழுகை வருமா, வேலைவிட்டு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று போகும் அவர் விசாரணை. தூக்கம் கெட்டு வந்த ஒரு நர்ஸுக்கு, யாருமே சாகாத, தோட்டம் போடுகிற விளையாட்டைக் கொடுத்தார். கல்யாணம் நிச்சயமான ஒருவன், வரப்போகிறவளோடு சேர்ந்து விளையாட என்று ஒருவரையொருவர் கத்திக்கொண்டே ஆடவேண்டியிருக்கிற சமையல் விளையாட்டை எடுத்தபோது, கையிலிருந்து வாங்கித் திரும்ப அடுக்கில் வைத்தார். "அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் விளையாடுங்க. இப்ப விளையாடினா கல்யாணம் நடக்காது." வாங்கவே வேண்டாம் என்றும் பல பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். முதலாளி பல்லைக் கடித்துக்கொள்வார். ஆனால் அப்படிப் போனவர்கள்தான் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்பதால் ஒன்றும் சொல்லமாட்டார்.

பின்னறையில், கதவு மறைவில் ஒரு ரேக் இருந்தது. விலைபோகாமல் நின்றுபோன கன்சோல்கள், அதாவது விளையாட்டு மிஷின்கள், அதில் டப்பா பிரியாமல் கிடந்தன. பில் போடும் பெண் அதைப் பிணவறை என்பாள். எது எதனால் போய்ச் சேர்ந்தது என்று வைத்தியருக்கு அத்துப்படி. ஒன்றுக்குப் பழைய மிஷினின் பெயரையே லேசாக மாற்றி வைத்துவிட்டார்கள். ஏதோ உதிரிப் பாகம் என்று நினைத்து ஜனங்கள் தாண்டிப் போய்விட்டார்கள். இன்னொன்று பாட்டுப் பாடியது, படம் காட்டியது, விளையாட மட்டும் அதற்கு வரவில்லை. மூன்றாவது, நல்ல விளையாட்டெல்லாம் வருகிறது வருகிறது என்று சொல்லியே காலத்தை ஓட்டியது.

"மிஷின் மோசமா இருந்து செத்தது கம்மி," என்பார் அவர். "ஆள் இருக்கிற எடத்துக்குத்தான் கேம் செய்யிறவன் வருவான். கேம் இருக்கிற எடத்துக்குத்தான் ஆள் வரும். நீ முதல்ல போ, நீ முதல்ல போன்னு ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுட்டா, உள்ள இருக்கிறது பட்டினியில சாகும்."

ஜோடி மிஷின் வந்த அன்றே அதற்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. ஜோடி என்பது கடைக்காரர்கள் வைத்தது. கைக்கடக்கமான மிஷின். தனியாக ஒன்றும் விளையாட முடியாது. இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரிடமும் மிஷின் வேண்டும். ஒருவர் திரையில் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. கூடவே வந்த விளையாட்டில், விளக்கணைந்துபோன ஓர் ஊர். அதில் ஒருவர் நடப்பார், கண் தெரியாது. மற்றவரிடம் தெருக்களின் மேப் இருக்கும், கால் கிடையாது. ஹெட்செட்டில் வாய்விட்டு வழி சொன்னால்தான் ஓரடி எடுத்து வைக்க முடியும்.

கடையை மூடுவதற்குள் பில் போடும் பெண்ணோடு கொஞ்சநேரம் ஆடிப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் போனார். "அழகான மிஷின். பொழைக்காது. ஒருத்தர் வாங்கிப் பிரயோஜனமில்ல. இன்னொருத்தர் வாங்கட்டும்னு எல்லாரும் காத்திருப்பாங்க."

சொல்லிவிட்டு இரண்டை அவரே எடுத்துக்கொண்டார்.

அவருடைய மகள் அவள் அம்மாவோடு வேறு ஊரில் இருந்தாள். ஏழாவது படிக்கிறாள். தினமும் சாயங்காலம் போனில் பேசலாம் என்பது பெரியவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை, பேச்சுதான் இல்லை. சாப்பிட்டாயா என்றால் ம். ஸ்கூல் எப்படி என்றால் ம். அவளுக்கு அவர்மேல் கோபமென்றால்கூட ஏதாவது செய்யலாம். அதுவும் கிடையாது. அப்பாவிடம் சொல்ல அவளிடம் எதுவுமில்லை, அவ்வளவுதான். வேறொரு வீட்டில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளையின் நாட்களில் எந்த நூலைப் பிடித்து இழுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு மிஷினை அவளுக்கு அனுப்பிவைத்தார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் மாறிப்போயின. மேப் அவள் கையில், நடை அவருக்கு. பேசாமல் இருக்க வழியே இல்லை.

"நேரா போ. நேரான்னா நேரா, அப்பா. நில்லு, பள்ளம். எடது பக்கம் ஒரு கதவு இருக்கு, தட்டாத, நாய் இருக்கு."

வழி சொல்கிற மூச்சிலேயே மற்றதும் வந்து விழும். கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனது. பல்லுக்குக் கம்பி போட்டது. உயிர்த்தோழி ஒருத்தி இன்னொருத்தியோடு உட்காரப் போய்விட்டது. அவர் தன் ஒற்றை அறையின் ஜன்னலை வண்டிச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்த இருட்டு ஊருக்குள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி நடப்பதில் இருந்த நிம்மதி, வாரத்தின் மற்ற நாட்களில் அவருக்குக் கிடைக்கவில்லை. ஊரைத் தாண்டிப் போக ஒரு வாசல் இருந்தது. ஒவ்வொரு முறையும் எங்கேயாவது விழுந்து, அதை எட்டாமலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

விடுமுறை சீசனுக்குக் கொஞ்சம் முன்னால், எப்போதும் பல் தெரியச் சிரிக்கிற கம்பெனிப் பிரதிநிதி சிரிக்காமல் வந்தார். இந்த சீசனில் ஜோடி விற்றால் உண்டு, இல்லையென்றால் மிஷின்களை நெட்டில் இணைக்கிற சர்வரோடு சேர்த்து மூடிவிடுவார்கள், வெளியே சொல்லவேண்டாம் என்று டீ குடித்துக்கொண்டே சொன்னார். சர்வர் போனால் ஓர் ஊரில் இருக்கிற மிஷினும் வேறோர் ஊரில் இருக்கிற மிஷினும் ஒன்றையொன்று அறியா.

ஒரு கடையால் ஒரு கன்சோலைத் தூக்கி நிறுத்த முடியாது என்பது வைத்தியருக்குத் தெரியாததல்ல. அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவரே அவர்தான். தெரிந்துகொண்டே, மறுநாள் முதல் ஸ்டூலில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஜோடியை எடுத்து நீட்டினார். கேள்விகளைக் கேட்டார். பதில் எதுவாக இருந்தாலும் கை அதே அடுக்குக்குப் போனது. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று வாங்கிப் போனார்கள்.

"என்ன வைத்தியரே, எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையா?" என்று பில் போடும் பெண் கேட்டாள்.

நல்ல மிஷின்தானே என்றார்.

"நல்ல மிஷின்தான். அவங்களுக்கு வேணுமான்னுதானே நீங்க பாப்பீங்க?"

அவர் கண்ணாடி அலமாரியைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் மடித்த குடை. டி.வி. படுக்கையறையில் இருக்கிறது என்றார். பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். வெளியே போய்விட்டு வந்ததும் முதலில் எல்லா அறையிலும் லைட்டைப் போடுவாராம். தனியாக, நிதானமாக, வருஷக்கணக்கில் விளையாடக்கூடிய நல்ல விளையாட்டுகள் நாலைந்து வைத்தியரின் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. அவர் ஜோடியை எடுத்து வைத்தார்.

ஓட்டுநர் டப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு ஜோடி ஏது தம்பி?"

"நெட்ல அதுவே ஆள் கோத்துவிடும் சார். யாரோ ஒருத்தர் எங்கயோ இருந்து நடப்பாங்க, நீங்க வழி சொல்லுவீங்க. பேசிக்கிட்டே விளையாடலாம்."

"பேசலாமா?"

"பேசித்தான் சார் ஆகணும்."

ஓட்டுநர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் டப்பாவை வாங்கிக்கொண்டார். பில் போடும் பெண் தலையைத் தூக்காமல் பில் போட்டாள்.

சீசன் முடிந்து கடை வெறிச்சோடிய நாளில் ஓட்டுநர் மறுபடி வந்தார். டப்பாவில் எல்லாம் வந்தது வந்தபடி இருந்தது. ஒயரைக்கூடப் பழைய மடிப்பிலேயே மடித்திருந்தார். கோபமாக வந்திருப்பார் என்று வைத்தியர் எதிர்பார்த்தார். கோபத்தின் சாயல்கூட இல்லை.

"கெட்டுப்போச்சான்னு கொஞ்சம் பாருங்க. ஆள் தேடுறேன், ஆள் தேடுறேன்னே சொல்லிக்கிட்டிருக்கு. நானும் தெனம் சாயங்காலம் சட்டைய மாத்திக்கிட்டு உக்காந்து பாக்கறேன்."

"முகம் தெரியாதே சார், இதுல. குரல் மட்டும்தான்."

"தெரியும். இருந்தாலும், ஆள் வர்ற நேரத்துல பனியனோட இருக்கக் கூடாதில்ல?"

ஒரே ஒரு தடவை யாரோ வந்ததாகச் சொன்னார். இவர் வணக்கம் என்றாராம். உடனே அவர்கள் போய்விட்டார்களாம். தான் ஏதாவது தப்பான பொத்தானை அழுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார்.

"மிஷின் கெடல சார்," என்றார் வைத்தியர். "அந்தப் பக்கம் ஆளே இல்ல. இது உங்களுக்கான மிஷின் இல்ல. தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

ஏன் என்று ஓட்டுநர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைத்தியர் சொல்லியிருப்பார். அவசரமாகத் திரும்பி, அன்று கொடுத்திருக்க வேண்டிய விளையாட்டை எடுத்துக் கொண்டுவந்து நீட்டினார். ஓட்டுநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "பேசலாம்னீங்க. அதுக்காகத்தான் வாங்கினேன். மத்தபடி எனக்கு இதுல என்ன ஆசை," என்றார். குடையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். டப்பா ஸ்டூலிலேயே இருந்தது. அதன்பிறகு அன்று யார் வந்தும் வைத்தியர் விசாரிக்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

அதே வாரம் ஜோடியின் திரையிலேயே அறிவிப்பு வந்தது. ஞாயிறு மாலையோடு சேவை நிறுத்தப்படுகிறது, இதுவரை விளையாடியவர்களுக்கு நன்றி.

அந்த ஞாயிறு வைத்தியர் மகளுக்கு முன்னாலேயே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தார்: அடுத்து எந்த கன்சோல், அதில் அப்பாவும் பெண்ணும் ஆட எந்தெந்த விளையாட்டு, அவளுக்கு எதில் சலிப்புத் தட்டாது. அவள் குரல் கேட்டதும் ஆரம்பித்தார். கடையில் நன்றாகப் போகிற ஒரு பெரிய மிஷின் இருக்கிறது, அதை அனுப்பட்டுமா என்றார்.

"அது எங்கிட்ட இருக்கேப்பா."

"எப்ப வாங்கின?"

"பொறந்த நாளுக்கு. அம்மா வாங்கிக் குடுத்தாங்க."

பிறந்தநாள் போய் எவ்வளவோ மாதங்கள் ஆகியிருந்தன. அந்த மிஷினை அவர் எத்தனையோ பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறார். அதில் பிள்ளைகள் எப்படிக் கூட்டம் கூட்டமாக ஆடுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"கிளாஸ் பசங்கல்லாம் சேர்ந்து ஒரு டீம்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமைதான் மேட்ச்," என்றாள்.

"இதே நேரத்துக்கா?"

"ம்."

"சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"சொன்னா, நீ போய் விளையாடும்ப. அப்புறம் நீ பாவம்ல."

அவர் ஹெட்செட்டின் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். மூச்சு சரியானதும் எடுத்தார். தானும் அந்த டீமில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். அவள் "அப்பா..." என்று இழுத்தாள். சும்மா கேட்டேன் என்றார்.

பிறகு ஆடத் தொடங்கினார்கள். நேராகப் போகச் சொன்னாள். அவர் முட்டுச்சந்துக்குள் போனார். வலது பக்கம் என்றாள். அவர் இடது பக்கம் திரும்பினார்.

"வேணும்னேதானே தப்பா போற?"

"இல்லையே."

"எப்பவும் வேணும்னேதான் போவ. எனக்கு முன்னாடியே தெரியும்பா. லீவுக்கு வந்தப்ப கடையில நீ எப்படி விளையாடுவன்னு நான் பாத்திருக்கேன்ல."

வழி தவறினால் அவள் இன்னும் இரண்டு வார்த்தை பேசுவாள் என்று, பள்ளம் இருப்பது தெரிந்தே எத்தனை ஞாயிறுகள் அதில் போய் விழுந்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, சின்னப் பெண், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வழி சொல்லியிருக்கிறாள்.

"இன்னிக்கு ஒழுங்கா வா பா," என்றாள். "ஒரு தடவையாவது முடிச்சுடலாம்."

சரி என்றார். அவள் சொன்னபடி நடந்தார். நேரா என்றால் நேராக, நில் என்றால் நின்று. சரியாக நடக்க நடக்க அவள் சொல்லவேண்டியது குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு வாக்கியம் இருந்தது. பிறகு ஒரு சொல். வலது. நேரா. வலது. கடைசித் தெருவில் அதுவும் தேவைப்படவில்லை. தெரு நேராகவே போயிற்று. வாசல் வந்துவிட்டது. இவ்வளவு சின்ன ஊர் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"வந்துட்டோம்ல?" என்றாள். அவள் குரலில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது.

"வந்துட்டோம்."

ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெயில். சர்வர் மூடச் சாயங்காலம் வரை நேரமிருந்தது. அவளுக்கும் அது தெரியும். ஹெட்செட்டை எடுக்காமல் இருந்தாள்.

"நீ போ கண்ணு," என்றார் அவர். "மேட்ச் ஆரம்பிச்சிருப்பாங்க."