மூன்று பத்தியம்

ஒரே ஆடி மாதத்தில் மூன்று வைத்தியர்களுக்கு நான் நோயாளியாக இருந்தேன். மூவரும் கெட்டிக்காரர்கள். மூவர் சொன்னதையும் ஒரு சொல் மீறாமல் கேட்டேன். அதனால்தான் சாகக் கிடந்தேன்.

முப்பத்தேழாம் வருஷம். நான் தென்காசியில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பங்குனியில் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனதே தவிர உடம்பு தேறவில்லை. அடுப்படியிலிருந்து கிணற்றடிக்கு நடந்தால் மூச்சு வாங்கும். என் மாமியார் வடிவாம்பாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அல்ல.

"ஏட்டி முத்துவடிவு, ஆடி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ எந்திரிச்சு நடமாடலைன்னா ராயகிரிக்கே அனுப்பிருவேன். ஆவணியில எம்மவனுக்கு வேற பொண்ணு பாக்கணும்லா" என்றாள், அரிசி புடைத்துக்கொண்டே.

ராயகிரி என் பிறந்த ஊர். அங்கே எனக்குச் சோறு போட ஆள் உண்டு. ஆனால் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. காந்திமதிநாதன் என்று பெயர். அம்மா முன்னால் வாய் திறக்காத மனுஷர். எனக்குத் தலைவலி என்றால் அம்மா அந்தப் பக்கம் போன சமயம் பார்த்துச் சுக்கை உரைத்துக் கொண்டுவந்து நெற்றியில் போடுவார். அதற்குமேல் அவருக்கு வீரம் கிடையாது.

சாரல் பட்டால் தேறிவிடுவேன் என்று யாரோ சொல்ல, ஆடி மாதத்துக்குக் குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்தார்கள். குற்றாலநாதருக்கே கசாயம் நைவேத்தியம் செய்கிற ஊர் அது. சாமிக்கே மருந்து கொடுக்கிற இடத்தில் வைத்தியருக்கா பஞ்சம்? சீசன் வந்தால் அருவிக்கு வருகிற கூட்டத்தோடு வைத்தியர்களும் வந்து ஜாகை போடுவார்கள்.

முதலில் தென்காசி வல்லிநாயகம் அண்ணாச்சி, சித்த வைத்தியர். என் கையில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். லேகியம் கொடுத்தார். புளி, கடுகு, நெய், பால், கோதுமை ஆகாது. சோறும் மோரும் சுண்டைவற்றலும் போதும் என்றார்.

இது போதாது என்று என் வீட்டுக்காரர் செங்கோட்டை நாணு வைத்தியரிடமும் கூட்டிப்போனார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். அவர் மலையாள வைத்தியம். கசாயம் கொடுத்தார். உப்பு, காரம், இனிப்பு, மோர், வற்றல் எதுவும் கூடாது. ஞவரை என்கிற மலையாளத்து மருந்தரிசிக் கஞ்சியில் நெய் விட்டுக் குடிக்க வேண்டும்.

மூன்றாவது, யூனானி பார்க்கிற நூர்நிஷா அக்கா. ஹக்கீமின் மகள், பெண்களுக்கு அவள்தான் பார்ப்பாள். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் குளிர்ச்சி ஏறிவிட்டது என்றாள். சோறு, கஞ்சி, மோர், எல்லாம் குளிர்ச்சி, தொடாதே. கோதுமை ரொட்டி, பால், பேரீச்சம்பழம் சாப்பிடு.

ஒரு வைத்தியரிடம் போய் இன்னொருவரின் பெயரைச் சொல்வது அவமரியாதை என்று எங்கள் பக்கத்தில் நினைப்பு. அதனால் ஒருவருக்கும் மற்றவரைப் பற்றிச் சொல்லவில்லை. பத்தியம் தவறினால் மருந்தே விஷமாகிவிடும் என்று பயம் வேறு. என் வீட்டுக்காரர் உட்கார்ந்து யோசித்தார். ஒருவர் வேண்டாம் என்றதை மூவரும் வேண்டாம் என்றதாக வைத்துக்கொண்டார். மிஞ்சியது சீரக வெந்நீர். அப்புறம் ஒரு கைப்பிடி பொரி. பொரியை யாரும் பெயர் சொல்லித் தடுக்கவில்லையாம்!

அந்த ஆடியை நினைத்தால் இன்றும் என் காதில் அருவி விழுகிறது. குளிக்கத்தான் விடவில்லை. ஒருவர் எண்ணெய் தேய்த்து அருவியில் நில் என்றார், ஒருத்தி பச்சைத்தண்ணீரே படக்கூடாது என்றாள். நான் ஜன்னலோரம் படுத்து, ஓட்டுக்கூரையில் குரங்கு மங்குஸ்தான் பழத்தை உரித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் குரங்கின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் பிறகு எந்த மனுஷர்மேலும் வந்ததில்லை.

நாளாக ஆக எழுந்து உட்காரவே முடியவில்லை. மாமியார் வந்து பார்த்தாள்.

"போதும். வெள்ளிக்கெழம வண்டி வரச் சொல்லிட்டேன். ராயகிரிக்குக் கெளம்பு."

என் வீட்டுக்காரர் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் மழையில் ஓடினார். மூன்று ஜாகைக்கும் போய், "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். மூவரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சண்டை வரப்போகிறது என்று பயம்.

"வாங்க நாணு வைத்தியரே. ஒம்ம தைலம் நல்லா கேட்டுச்சு" என்றார் வல்லிநாயகம் அண்ணாச்சி. நூர்நிஷா அக்காவோ நாணு வைத்தியரிடம் போன வருஷம் வாங்கிய திப்பிலியைப் பற்றி விசாரித்தாள். அவர்களுக்குள் பல வருஷப் பழக்கம்! எங்களுக்குத்தான் தெரியாது.

மூவரும் என்னைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்தார்கள். ஒருவர் நாடி பார்த்தார், ஒருவர் நாக்கைப் பார்த்தார், அக்கா நகத்தை அழுத்திப் பார்த்தாள்.

"நான் பல்கம்னு நெனைச்சேன்" என்றாள் அக்கா.

"நாங்க கபம்னு சொல்லுதது அதைத்தான். ஆனா இப்ப நாடியில அது இல்லையே" என்றார் அண்ணாச்சி.

"கபமும் இல்லா, பித்தமும் இல்லா" என்றார் நாணு வைத்தியர். என்னைப் பார்த்து, "குட்டி, ஞான் சொன்ன கஞ்சி குடிச்சுதோ?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "கஞ்சியை அக்கா வேண்டாம்னாங்க. அக்கா சொன்ன ரொட்டியை அண்ணாச்சி வேண்டாம்னாங்க. அண்ணாச்சி சொன்ன மோரை நீங்க வேண்டாம்னீங்க. நான் எதைத்தான் திங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது விசப்பு" என்றார் நாணு வைத்தியர்.

"பசிதான்" என்றார் அண்ணாச்சி.

"வேற சீக்கே இல்ல" என்றாள் அக்கா. மூன்று வைத்தியமும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

அப்போதுதான் நூர்நிஷா அக்கா நிலையில் சாய்ந்து நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து அண்ணாச்சிக்குக் கண்ணைக் காட்டினாள். சட்டை அவர் தோளில் தொளதொளவென்று கிடந்தது. நான் அத்தனை நாளும் குரங்கைப் பார்த்தேனே தவிர, பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவில்லை.

"ஏ காந்திமதி, இங்கன வா" என்று அண்ணாச்சி அவர் கையைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. "ஒனக்கும் அதே சீக்குதானய்யா."

"இவன் தெனமும் கிளப்புக்கடையில சாப்பிடுதேன்னுல்லா சொன்னான்!" என்றாள் மாமியார்.

"அவ பொரி திங்கும்போது எனக்குச் சோறு எறங்கலம்மா" என்றார் அவர். பிறகு தலையைக் குனிந்துகொண்டே, "வண்டியில ரெண்டு பேரும்தான் போவோம்" என்றார்.

அம்மாவுக்கு எதிராக அவர் பேசியதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எதை முதலில் கொடுப்பது என்று மூவரும் பேசி முடிவு செய்தார்கள்: நாணு வைத்தியரின் கஞ்சி, அதில் அக்காவின் பால், அண்ணாச்சியின் மோருக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும். மாமியார் இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்து, பெரிய கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. எங்களை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனது.

அந்த மூன்று பேரும் இப்போது இல்லை. ஒரே பாயில் உட்கார்ந்து, உன் கபம் என் பல்கம் என்று பேசிக்கொண்டார்களே, அப்படி ஒரு பேச்சை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. ஏங்கிப்போகிறது மனசு.

போன மாதம் டாக்டர் எனக்கு உப்பை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டேன். உப்பில்லாமல் சாப்பிடுவது ஒன்றும் கஷ்டமில்லை. எதிரில் உட்கார்ந்து உப்பில்லாமல் சாப்பிட அவர் இல்லை, அதுதான்.