மெல்லிய உறைகள்

பெரிய கடைவீதியில் அந்த உறைகளை வாங்கியது அமலராணிதான். நூற்று எண்பது. பாதியில் ‘மாத்திரை’, பாதியில் ‘இல்லை’ என்று சீட்டு எழுதி, குலுக்கி, ஒட்டி, எண் போட்டாள். உப்பிலியபுரத்தில் பதிவுக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு நர்ஸ் ரோசரி எண் வரிசைப்படி ஆளுக்கோர் உறையைப் பிரிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை யாருக்கு என்று மனிதர் யாரும் முடிவுசெய்யக் கூடாது. அவளுடைய டாக்டர் பட்ட ஆய்வே அந்த ஒரு விதியின்மேல்தான் நின்றது.

எழுபத்தெட்டாம் வருஷம் கணக்கு முடிந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குத்தான் எடை குறைவு. நம்பாமல் உப்பிலியபுரத்துக்கு பஸ் ஏறிப் போனாள்.

ரோசரி எதையும் மறைக்கவில்லை. “வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா உள்ள இருக்கிறது தெரியுது டீச்சர். கண்ணெல்லாம் வெளுத்து, மூச்சு வாங்கிக்கிட்டு வர்றவளுக்கு ‘இல்லை’ன்னு எப்படிங்க சொல்றது? தேடி எடுத்துக் குடுத்தேன். தெம்பா இருக்கிறவளுக்கு மத்தது.”

“எத்தனை பேருக்கு?”

“யாரு எண்ணுனா? ஏன், தப்பாங்க?”

திரும்பும் பஸ் திருவெள்ளறையைத் தாண்டியும் அவளுக்கு ரோசரிமேல் கோபம் வரவில்லை. இளைத்தவர்கள் எல்லோரும் மாத்திரைப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மாத்திரை இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகள் இன்னும் எவ்வளவு இளைத்திருக்கும் என்பதை இனி எந்தச் சூத்திரமும் சொல்லாது. கொஞ்சம் தடித்த உறையாக வாங்கியிருக்கலாம்.

‘மாத்திரையால் பயனில்லை’ என்று முடியும் அறிக்கையை அவளுடைய வழிகாட்டி கிளமென்ட் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“அந்தப் பொண்ணு வேலைய பறிக்கப் போறியா? உன் தீசிஸும் சேந்து போயிடும். மூணு வருஷம், அமலா. போடும்மா கையெழுத்த.”

ரோசரிக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டே போட்டாள். மை காயும்வரைகூட அந்த நினைப்பு நிற்கவில்லை. அடுத்த வருஷம் அந்த அறிக்கையைக் காட்டி உப்பிலியபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். அதே வருஷம் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தது.

இப்போது எண்பத்தைந்தாம் வருஷம். கல்லூரியில் அவளுடைய துறைத் தலைவி அறையில், அவள் முதுகலை வகுப்புக்குப் போகும் நேரத்தில், பியூன் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போனான். ரோசரியின் கையெழுத்து. முதல் கடிதத்தில், ‘மாத்திரை திரும்ப எப்போது வரும் டீச்சர், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். இது நான்காவது. மற்ற இரண்டும் மேசை இழுப்பறையில், பிரிக்காமல்.

அமலராணி எழுந்து ஜன்னலருகே போனாள். உறையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மடிப்புக்குள் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.