பாட ஆள் வராத ரெக்கார்டு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை. தீர்மானம் போட்டு என் தலையில் வைத்தார்கள்.

லாங் ஐலண்ட் தீவிலிருந்து படகேறி வந்த மரம் அறுக்கும் ஆட்களிடம் நாங்கள் தோற்ற மறுநாள், எங்கள் பேட்டை டாலிகஞ்ச் மைதானத்தில் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் எங்கள் கால்பந்துக் குழு. கேப்டன் கோவிந்தராஜ் அண்ணன் எழுந்து சொன்னார்: "சந்திரன் ஈவினிங் கிளாஸ் போறான். தினமும் டைரி எழுதறான். நடந்ததை அவன் எழுதி ஞாயித்துக்கிழமை வாசிக்கட்டும். அவன் எழுதினதுதான் நடந்தது. பஸ், பாத் கதம், பேச்சு முடிஞ்சுது."

நடந்தது என்ன என்பதில் ஒரே ஒரு சந்தேகம்தான். ஆட்டத்தின் நடுவில் இசை நின்றது. அதை சிராஜ் நிறுத்தினானா, இல்லையா? நிறுத்தினான் என்றால் அவன் குழுவில் இல்லை. பதில் ஆட்டத்துக்கு லாங் ஐலண்ட் போகும் படகில் அவனுக்கு இடம் இல்லை. நிறுத்தவில்லை என்றால் படகில் ஏறலாம், பழைய இடத்தில் ஆடலாம். அவனுடைய பழைய இடம் ரைட் அவுட், அதாவது வலது ஓரம்.

இப்போது ரைட் அவுட்டில் ஆடுவது நான்.

இதைக் கவனிக்காமல் என்னை நீதிபதியாகப் போட்டார்களா, கவனித்துத்தான் போட்டார்களா என்று தெரியவில்லை. கால்பந்துக்குச் சங்கீதம் எதற்கு என்று நீங்கள் கேட்பதற்குள் தொடங்கிவிடுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அந்தி வெயிலில் கடல் பொன்னாக உருகிக்கொண்டிருந்த

[நிறுத்திவிட்டேன். டாலிகஞ்ச் மைதானத்திலிருந்து கடல் தெரியாது. தெரிவது அடுக்கி வைத்த மரக்கட்டைகளும் ஓர் எருமையும். எருமையும் பொன்னாக உருகவில்லை.]

இரண்டாம் முயற்சி:

விளையாட்டு உடலுக்கு உறுதியையும் உள்ளத்துக்கு ஒற்றுமையையும்

[மாலை வகுப்பு ஆசிரியர் பக்தவத்சலம் இதற்கு நல்ல மதிப்பெண் போடுவார். எங்கள் குழுவைப் பார்த்தவர் எவரும் போடமாட்டார்.]

மூன்றாம் முயற்சி:

நாங்கள் பதினோரு பேர்.

[பொய். பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டாவது ஆளை எண்ணாமல் விட்டதுதான் கதையே. இதை வைத்துக்கொள்கிறேன். அடிக்கவில்லை.]

3

சிராஜ் எங்கள் பேட்டையிலேயே வேகமாக ஓடுகிறவன். அவனுடைய மாமா நூர்முகம்மது டாலிகஞ்சில் கடை வைத்திருக்கிறார். சோப்பு, சீனி, மண்ணெண்ணெய். கல்யாணம் காது குத்துக்கு வாடகைக்கு மைக் செட். அந்தக் கடையில்தான் ரெக்கார்டு இருந்தது. யாரோ கப்பல்காரர் மறந்துவிட்டுப் போனது. மேலே ஒட்டியிருந்த தாள் கிழிந்துபோய், எந்த ஊர்ப் பாட்டு என்று சொல்ல முடியாது.

நூர்முகம்மது மாமா அதை ஒரு கல்யாணத்தில் போட்டுப் பார்த்தார். டிரம்பெட் ஊதியது, மத்தளம் மாதிரி என்னவோ அடித்தது, எல்லோரும் காத்திருந்தார்கள். பாடுகிறவர் கடைசி வரை வரவில்லை. "ஆளே வராத பாட்டுக்கு நாங்க எதுக்கு வாடகை தரணும்?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ரெக்கார்டு சீனி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது.

சிராஜ் அதில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான். ஊதுகிறவர்கள் எல்லாம் மூச்சு வாங்க ஒதுங்கிக்கொள்ள, டிரம்மும் தடித்த கிதாரும் மட்டும் தனியாக நடக்கிற இடம். ஒரு டீ ஆற்றுகிற நேரம்கூட இருக்காது. அந்த இடம் முடிந்துபோவது அவனுக்குப் பொறுக்கவில்லை. தையல்கடைச் சாக்கட்டியால் தட்டில் ஒரு கோடு போட்டான். முள் அந்த இடத்தைத் தாண்டும்போது தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்தான். சர்ரக் என்று ஒரு சத்தம். மறுபடியும் அதே டிரம். மறுபடியும் சர்ரக். மறுபடியும் டிரம்.

"இதுல பாட்டு எங்கடா?" என்று கேட்டேன்.

"பாட்டு வேணாம் தோஸ்த். பாட்டு வந்தா அதையே கேட்டுக்கிட்டு உட்கார்ந்துடுவோம். இது சும்மா உட்கார விடுதா பாரு."

பார்த்தேன். என் கால் ஆடிக்கொண்டிருந்தது.*

* இந்த இசைக்குப் பெயர் கிடையாது. வேறு ஏதாவது ஊரில் வேறு யாராவது இதே வேலையைச் செய்துகொண்டிருந்தால், பெயர் வைக்கிற சிரமத்தை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எழுபத்தைந்தாம் வருடத்து டாலிகஞ்சில் "சுத்து" என்று சொன்னால் புரியும்.

4

கடையிலிருந்து மைதானத்துக்கு நீளமாக வயர் இழுத்து, பாதாம் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, மைதான ஓரத்தில் ரெக்கார்டு மெஷினை வைத்தோம். முதலில் அது வெறும் கொண்டாட்டம்தான். கொஞ்ச நாளில் ஒன்று தெரிந்தது: சர்ரக் வரும்போதெல்லாம் எங்களை அறியாமல் பந்தை அடுத்தவனுக்குத் தள்ளிக்கொண்டிருந்தோம். அதுவரை எங்களில் எவனும் எவனுக்கும் பந்து கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

கோவிந்தராஜ் அண்ணன் உடனே அதைத் தன் கண்டுபிடிப்பாக அறிவித்து, சட்டமும் போட்டார். "சர்ரக் வந்தா பந்தை விடு. வரலைன்னா வெச்சுக்க. சமஜ் கயா, புரிஞ்சுதா?"

[வாசிக்கும்போது இந்த இடத்தில் அவர் இருமுவார்.]

பக்கத்து ஊர் கராச்சர்மா குழுவை அந்தச் சட்டத்தை வைத்துத்தான் தோற்கடித்தோம். எங்கள் பந்து எப்போது கைமாறும் என்று அவர்களுக்குப் புரியவில்லை. மைதானத்தில் ஸ்பீக்கர் கத்தக் கூடாது என்று அவர்கள் புத்தகத்தில் தேடினார்கள். அப்படி ஒரு விதி அதில் இல்லை.

ஆனால் தட்டை இழுக்க வேறு எவனுக்கும் வரவில்லை. கோவிந்தராஜ் அண்ணன் இழுத்தால் பூனையின் வாலை மிதித்த மாதிரி கேட்டது. கோல்கீப்பர் மணியன் இழுத்தபோது முள்ளே உடையப் பார்த்தது. ஆகவே சிராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "பந்து ஆட ஊர்ல ஆயிரம் பேர் கிடைப்பான். சுத்துப் போட நீ ஒருத்தன்தான், சிராஜ்."

இவ்வளவு மரியாதையாக ஒருவனை மைதானத்தை விட்டு வெளியே உட்கார வைக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். அவனுடைய ஏழாம் நம்பர் பனியனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். எனக்குக் கக்கத்தில் பிடித்தது. அவன் பூட்ஸை மட்டும் கழற்றவில்லை. மெஷின் பக்கத்தில் முக்காலியில், பூட்ஸ் போட்டு, நாடாவை இழுத்துக் கட்டித்தான் தினமும் உட்கார்ந்தான்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும்

[இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். முடித்தால் நான் நல்லவனாகத் தெரிவேன்.]

5

லாங் ஐலண்ட் ஆட்டம். எந்தப் பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து கோவிந்தராஜ் அண்ணன் காலில். எதிர்க் கோல் பக்கத்தில்தான். வலது ஓரத்தில் நான், என் முன்னால் ஒருவரும் இல்லை.

இசை நின்றது.

சர்ரக் வரவில்லை. வராவிட்டால் வைத்துக்கொள்ள வேண்டும். கோவிந்தராஜ் அண்ணன் வைத்துக்கொண்டார். காலைப் பந்தின் மேல் வைத்து, பாதாம் மரத்தை நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். நாங்கள் மீதிப் பத்துப் பேரும் நின்று மரத்தைப் பார்த்தோம். மணியன்கூட கோலுக்குள் இடுப்பில் கை வைத்து மரத்தைப் பார்த்தான்.

லாங் ஐலண்டின் குட்டையான பெங்காலி ஒருவர் மெதுவாக அண்ணன் பக்கத்தில் வந்தார். உடம்பு சரியில்லாதவரிடம் கேட்பது போலக் கேட்டார்: "லே லூம் க்யா, தாதா?"

எடுத்துக்கொள்ளட்டுமா அண்ணே என்று கேட்கிறார்! அண்ணன் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெங்காலி எடுத்துக்கொண்டார். அப்படியே உருட்டிக்கொண்டு போய், நாங்கள் மீன் வலையில் கட்டிய கோலுக்குள் விட்டுவிட்டு வந்தார்.

6

விசாரணை.

நூர்முகம்மது மாமா: "பட்டப்பகல்ல எவன் லைட் போடுவான்? கரண்ட் இருந்துச்சா போச்சான்னு எனக்கென்ன தெரியும்? கடைக்கு ஒரு ஃபேன் வாங்கிக் குடு, அடுத்த தடவை சாட்சி சொல்றேன்."

கோவிந்தராஜ் அண்ணன்: "பந்து யார் கால்ல இருந்துச்சுங்கறதெல்லாம் டீடெய்லா வேணாம், தம்பி. கதைக்கு அது ஜரூரத் இல்ல."

மணியன்: "நான் டைவ் அடிச்சேன்னு போடு."

"நீ அடிக்கலையே."

"கதைதானே தோஸ்த்? ஒரு டைவ் போட்டா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

சிராஜ்: அவனிடம் கடை வாசலில் போய்க் கேட்டேன். "மூணு முடிவு எழுதி வெச்சிருக்கேன். ஒண்ணு, கரண்ட் போச்சு. ரெண்டு, நீயே நிறுத்தின. மூணு, கை தவறிடுச்சு."

முதல் இரண்டுக்கும் சும்மா இருந்தவன் மூன்றாவதுக்கு நிமிர்ந்தான். "கை தவறிச்சுன்னு மட்டும் எழுதாதே. வேற என்ன வேணா எழுதிக்க."

"நீ நிறுத்தினன்னு எழுதினா போட்ல ஏத்த மாட்டாங்க."

"தெரியும்."

"அப்ப கரண்ட் போச்சுன்னு போட்டுடறேன். நீயும் வரலாம்."

"அப்ப இத்தனை நாளும் கரண்ட்டா வாசிச்சுது? நான் சும்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தேனா?"

"சச் போலோ சிராஜ், நிஜமா என்னதான் நடந்துச்சு?"

"நீதானே எழுதறவன்," என்றான். பிறகு, "எனக்கு லாங் ஐலண்ட் போகணும், சந்திரா. மெஷினோட இல்ல," என்றான்.

[இது கதாபாத்திரம் ஆசிரியருக்கு வைக்கிற கோரிக்கையா, என் பனியனைத் திருப்பிக் கேட்பதா? இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்துவிட்டேன்.]

மாலை வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சில் விசாலாட்சி. இதுவரை எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நல்லா இருக்குங்க. ஒண்ணுதான் புரியல. யார் நிறுத்தினாங்கன்னு பக்கம் பக்கமா விசாரிக்கறீங்க. நீங்க பதினோரு பேரும் ஏன் நின்னீங்கன்னு ஒரு வரிகூட இல்லையே?"

"அது சட்டம். சர்ரக் வரலைன்னா…"

"கல்யாண ஊர்வலத்துல பேண்டு நின்னா மாப்பிள்ளை நடு ரோட்டிலேயே நின்னுடுவாரா?"

இதற்குப் பதில் எழுத ஒரு பக்கம் காலியாக விட்டேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

7

இந்தப் பகுதியை ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்குப் பிறகு எழுதுகிறேன்.

அன்று வாசிக்க எடுத்துப் போனது "இசை நின்றது" என்பது வரைதான். மூன்று முடிவுகளையும் தனித்தனித் துண்டுகளில் எழுதி மடித்திருந்தேன். அந்த இடம் வரும்போது ஒன்றை எடுக்கலாம் என்று திட்டம். எதை என்று முடிவு செய்யவில்லை. ஏழாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதற்கும் காரணம் யோசிக்கவில்லை.

எல்லோரும் மைதானத்தின் நடுவில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பந்து. மணியன் மடியில் வேர்க்கடலை. சிராஜ் ஓரத்தில் முக்காலியில், பூட்ஸோடு. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்து, விசாரணை நடக்குது," என்றார் அண்ணன்.

"இருக்கட்டும் அண்ணே," என்றான் சிராஜ். "இவன் சும்மா படிச்சா எல்லாரும் தூங்கிடுவீங்க."

படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே ஏதோ நடந்தது. என் வாக்கியங்கள் டிரம்மின் மேல் போய் உட்கார்ந்தன. நீளமாக எழுதியதைத் தானாகவே நறுக்கிப் படித்தேன். சர்ரக் வந்தால் அடுத்த வாக்கியம். எருமை வந்தபோது சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது தொடையில் தட்டினார்கள். "வரலைன்னா வெச்சுக்க" என்ற இடத்தில் அண்ணன் இருமவில்லை, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாட ஆள் வராத ரெக்கார்டுக்கு இவ்வளவு நாள் கழித்து ஓர் ஆள் வந்துவிட்டான் போல எனக்கே ஒரு கர்வம். என் எழுத்து இவ்வளவு நன்றாக ஒலித்ததே இல்லை. அதில் என் எழுத்தின் பங்கு எவ்வளவு என்று தெரியவில்லை.

பிறகு அந்த வரி வந்தது. "இசை நின்றது," என்று படித்தேன்.

நின்றது.

ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. சர்ரக் வரவில்லை. நான் அடுத்த வாக்கியத்துக்குப் போகவில்லை. அண்ணனின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. மணியனின் கை வேர்க்கடலையோடு வாய்க்குப் பக்கத்தில் நின்றது. எல்லோரும் பாதாம் மரத்தைப் பார்த்தார்கள்.

சிராஜ் எழுந்தான். வட்டத்துக்குள் வந்து பந்தைக் காலால் எடுத்தான். வலது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

எழுந்த நேரத்தில் தட்டு சுற்றிக்கொண்டிருந்ததா, முள் எங்கே இருந்தது என்று நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ஒரே பார்வையில் வழக்கு முடிந்திருக்கும். நான் அவன் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நாள் முக்காலியில் உட்கார்ந்தவன் அப்படி ஓடக் கூடாது.

மூன்று துண்டுகளும் என் கால்சட்டைப் பையில் பத்திரமாக இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்ததை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் மைதானத்தை ஒருமுறை பாருங்கள். கோல்கீப்பர் வேர்க்கடலையோடு உட்கார்ந்திருக்கிறான். கோல் காலி. ஓரத்தில் ஓடுகிறவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டான். அவன் போட்டுக்கொள்ள வேண்டிய பனியன் என் கக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவன் காலை ஓங்கிவிட்டான். படகில் யார் ஏற வேண்டும் என்று இப்போது எழுந்து சத்தமாகச் சொல்ல எங்களில் ஒருவன் போதும்.

என்னை எதிர்பார்க்காதீர்கள். நான் இன்னும் சர்ரக் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.